வெட்டப்பட்ட பாதிக் கதை: வணிகச் சின்னங்களில் தொன்மம்

1982 ஜூன் மாதத்தில் மட்டும் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலுள்ள பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தொலைபேசி அழைப்புகள் வந்தன. கேட்கப்பட்ட கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: உங்கள் நிறுவனம் சாத்தானை வழிபடுகிறதா? சோப்பும் பற்பசையும் டயப்பரும் விற்கிற ஒரு நிறுவனத்தின் மேல் இப்படியொரு சந்தேகம் விழக் காரணம் அதன் லோகோ. வட்டத்துக்குள் ஒரு பிறை நிலா. நிலாவுக்குத் தாடி வைத்த கிழவரின் முகம். எதிரே பதின்மூன்று விண்மீன்கள். தாடியின் சுருள்களைக் கண்ணாடியில் காட்டினால் 666 தெரியும் என்றார்கள். விண்மீன்களைக் கோடிட்டு இணைத்தாலும் அதே எண்தான் வரும் என்றார்கள். விவிலியத்தின் திருவெளிப்பாட்டு நூலில் 666 என்பது மிருகத்தின் எண். அதே நூலின் 12ஆம் அதிகாரத்தில் காலடியில் நிலாவும் தலையில் பன்னிரு விண்மீன் முடியுமாக ஒரு பெண் தோன்றுகிறாள். நிறுவனத்தின் தலைவரே தொலைக்காட்சியில், ஃபில் டோனஹ்யூவின் நிகழ்ச்சியில், சாத்தான் வழிபாட்டை ஒப்புக்கொண்டார் என்று துண்டறிக்கைகள் ஊர் ஊராகப் போயின. அப்படி எவரும் அந்த நிகழ்ச்சியில் தோன்றவே இல்லை.

அந்தச் சின்னம் பிறந்த இடம் ஓஹையோ ஆற்றின் படகுத்துறை. 1837இல் மெழுகுவர்த்தி செய்த வில்லியம் பிராக்டரும் சோப்புச் செய்த ஜேம்ஸ் கேம்பிளும் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய வணிகம் அது. 1851 வாக்கில், எழுத்தறியாத துறைமுகத் தொழிலாளர்கள் 'ஸ்டார்' மெழுகுவர்த்திப் பெட்டிகளைச் சோப்புப் பெட்டிகளிலிருந்து பிரித்தறிய அவற்றின்மேல் ஒரு பெருக்கல் குறியைத் தீட்டினார்கள். குறி விண்மீன் ஆயிற்று. விண்மீனைச் சுற்றி வட்டம் வந்தது. பிறகு பதின்மூன்று விண்மீன்களும் நிலாவும் சேர்ந்தன. பதின்மூன்று என்பது அமெரிக்காவின் முதல் பதின்மூன்று குடியேற்றங்களின் எண்ணிக்கை. இடையில் ஒருமுறை நிறுவனம் இந்தப் படத்தைக் கைவிட்டபோது, நியூ ஆர்லியன்ஸ் வணிகர் ஒருவர் போலிச் சரக்கு என்று சொல்லிப் பெட்டிகளை இறக்க மறுத்தார். நிலா திரும்பி வந்தது. 1882இல் அது வணிகக் குறியாகப் பதிவாயிற்று. வதந்திக்குத் தீனி போட்ட தாடிச் சுருள்கள், 1930இல் எர்னஸ்ட் புரூஸ் ஹாஸ்வெல் என்ற சின்சினாட்டிச் சிற்பி படத்தைச் செம்மைப்படுத்தியபோது பெற்ற வடிவம்.

இந்த வரலாற்றை எடுத்துச் சொல்லியும் பயன் இல்லை. ஜெரி ஃபால்வெல் போன்ற மதபோதகர்களிடம் மறுப்புக் கடிதம் வாங்கி வெளியிட்டார்கள். வதந்தி பரப்பியவர்கள்மேல் வழக்குத் தொடர்ந்தார்கள். 1985இல் சரக்கு உறைகளிலிருந்து சின்னத்தை எடுப்பதாக அறிவித்தார்கள். 1991இல் தாடியின் சுருள்களையும் நேராக்கினார்கள். வதந்தியைப் பரப்பிய, ஆம்வே நிறுவனத்தின் நான்கு முன்னாள் விநியோகஸ்தர்களுக்கு எதிரான வழக்கில் 1.925 கோடி டாலர் இழப்பீடு என்று நடுவர் குழு சொன்னது 2007இல். பிறை நிலாவின் மெல்லிய கீற்று ஒன்று நிறுவனத்தின் லோகோவுக்குத் திரும்பியது 2013இல்.

வணிகச் சின்னங்களின் 'மறைபொருள்' பற்றிப் பேசத் தொடங்கும்போதெல்லாம் இந்த வழக்கை முதலில் நினைவில் வைக்க வேண்டும். லோகோவுக்குள் ஏதோ ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது, கூர்ந்து பார்த்தால் அகப்படும் என்ற நம்பிக்கை அத்தனை வலுவானது. இந்தக் கட்டுரை வேறொரு திசையில் தேடச் சொல்கிறது. தொன்மத்திலிருந்து உருவம் எடுத்த சின்னங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு பொதுப் பண்பு தெரிகிறது. வணிகம் தொன்மத்தை முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. தனக்கு வேண்டிய துண்டை எடுத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடுகிறது. நாம் தேட வேண்டிய பொருள் அந்த வெட்டப்பட்ட பாதியில் இருக்கிறது.

படிக்கட்டு, நீரூற்று, டிராம் நிறுத்தம்

தொன்மம் சின்னத்துக்குள் வரும் வழி பெரும்பாலும் எளியது. கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்வார்கள்.

குட்இயர் டயரின் சிறகு முளைத்த பாதம் ரோமானியக் கடவுள் மெர்குரியின் பாதம். ஓஹையோ மாநிலத்து ஏக்ரன் நகரில், நிறுவனர் ஃபிராங்க் சீபர்லிங்கின் வீட்டில், மாடிப்படியின் அடித்தூண்மேல் ஒரு மெர்குரி சிலை இருந்தது. அந்தச் சிலையிலிருந்துதான் 1900இல் பாதம் லோகோவுக்கு இறங்கியது. மெர்குரி வணிகர்களின் கடவுள், தூதர்களின் கடவுள். திருடர்களுக்கும் அவனே காவல். டயர் நிறுவனத்துக்கு வேண்டியிருந்தது வேகம். ஆகவே முகம் வேண்டாம், கையில் பிடித்த பாம்புக்கோல் வேண்டாம், பாதம் போதும் என்று முடிவாயிற்று.

மசராட்டி காரின் திரிசூலம் இத்தாலியின் பொலோனா நகர மையத்தில் நிற்கும் நெப்டியூன் நீரூற்றிலிருந்து வந்தது. மசராட்டி சகோதரர்களில் மாரியோ மட்டும் ஓவியர். மற்றவர்கள் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவர் வரைந்து கொடுத்த சின்னம் 1926இல் முதல் மசராட்டி காரில் ஏறியது. சிற்பி ஜாம்போலோனா 1560களில் செய்த அந்த நெப்டியூன் சிலை, அன்று பொலோனாவை ஆண்ட போப்பாண்டவரின் அதிகாரத்தைப் பறைசாற்ற நிறுவப்பட்டது. கடலை அடக்கும் தேவன்போல உலகை அடக்கும் திருச்சபை என்பது அதன் செய்தி. காரில் ஏறியபோது திருச்சபையும் இல்லை, கடலும் இல்லை. ஆயுதம் மட்டும் மிஞ்சியது.

ஆல்ஃபா ரோமியோவின் கதை இன்னும் கூர்மையானது. 1910இல் மிலான் நகரில், காஸ்தெல்லோ சதுக்கத்தில் டிராமுக்குக் காத்திருந்த வரைவாளர் ரொமானோ கத்தானியோ, எதிரே ஸ்ஃபோர்சா கோட்டைவாயிலில் இருந்த விஸ்கொந்தி குடும்பத்து மரபுச் சின்னத்தைப் பார்த்தார் என்பது நிறுவனமே சொல்லும் வரலாறு. முடிசூடிய பாம்பு ஒன்று மனிதனை வாயில் கவ்வியிருக்கும் சின்னம் அது. பாம்பின் வாயில் இருப்பவன் ஒரு சரசேனியன், அதாவது இஸ்லாமியப் போர்வீரன் என்பது பழைய குடும்பக் கதை: சிலுவைப்போரில் ஒத்தோனே விஸ்கொந்தி வீழ்த்திய எதிரியின் கேடயத்திலிருந்து இந்தப் பாம்பு கிடைத்ததாம். உலகெங்கும் கார் விற்கும் நிறுவனத்துக்கு இந்தக் கதை ஏந்த முடியாத சுமை. பாம்பு அந்த மனிதனை விழுங்கவில்லை, அவன் தூய்மையடைந்து புதுப்பிறவியாக வெளியே வருகிறான் என்ற விளக்கமும் இன்று புழங்குகிறது. படத்தில் ஒரு கோடும் மாறவில்லை. மரணம் பிறப்பாகிவிட்டது.

வெட்டு இரண்டு வகையாக நடப்பதை இங்கே காணலாம். உருவத்தை வெட்டுவது ஒன்று: மெர்குரியிடம் பாதத்தையும் நெப்டியூனிடம் சூலத்தையும் பிரித்தெடுத்ததுபோல. உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு கதையை வெட்டுவது மற்றொன்று. இரண்டும் ஒரே சின்னத்தில், நாற்பது ஆண்டுக் காலம், எல்லாருடைய கண்முன்பாகவும் நடந்திருக்கிறது.

இரட்டைவால் பெண்ணின் நாற்பதாண்டு

1971இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மூன்று நண்பர்கள் காபிக்கொட்டை விற்கும் கடை ஒன்றைத் திறந்தார்கள். 'மோபி டிக்' நாவலில் வரும் கப்பலின் முதல் துணைத்தலைவன் ஸ்டார்பக்கின் பெயரைக் கடைக்கு வைத்தார்கள். பெயரில் கடல் இருந்ததால் சின்னத்திலும் கடல் வேண்டும் என்று வடிவமைப்பாளர் டெரி ஹெக்லர் பழைய கப்பல் நூல்களைப் புரட்டினார். கிடைத்தவள் இரட்டைவால் கடற்கன்னி. தலையில் கிரீடம், திறந்த மார்பு, தெளிவான தொப்புள், இரு பக்கமும் மேலே வளைந்த இரண்டு மீன்வால்கள், வால் நுனிகளைப் பற்றியிருக்கும் கைகள். சுற்றிலும் பழுப்பு வட்டம்.

இந்தப் படத்தின் மூலம் 16ஆம் நூற்றாண்டு நோர்ஸ் மரச்செதுக்கு என்று நிறுவனம் நெடுங்காலம் சொல்லிவந்தது. ஆய்வுக்கண்ணோடு பார்ப்பவருக்கு இந்த வாசகம் இடிக்கும். நோர்ஸ் கடலோடிகளின் வைக்கிங் காலம் 11ஆம் நூற்றாண்டோடு முடிந்துவிட்டது. மரக்கட்டையில் செதுக்கித் தாளில் அச்சிடும் முறை ஐரோப்பாவில் பரவியதோ 15ஆம் நூற்றாண்டில். முதல் லோகோவுக்கு மிக நெருக்கமான படம், கத்தலோனிய அறிஞர் ஹுவான் எதுவார்தோ சிர்லோ தொகுத்த குறியீட்டு அகராதியில், 15ஆம் நூற்றாண்டு இரட்டைவால் சைரன் என்ற குறிப்போடு இருக்கிறது. அந்த அகராதியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1962இல் வெளிவந்தது.

சைரன் என்ற உருவத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஹோமரின் ஒடிசியில் அவர்கள் பாட்டால் மாலுமிகளைக் கரைக்கு ஈர்த்து அழிப்பவர்கள். ஒடிசியஸ் தன் ஆட்களின் காதுகளை மெழுகால் அடைத்துவிட்டு, தன்னைப் பாய்மரத்தில் கட்டச்சொல்லி அந்தப் பாட்டைக் கேட்டான். சைரன்கள் அவனுக்குக் காட்டிய ஆசை காமம் அல்ல, அறிவு. டிராய்ப் போரில் நடந்ததெல்லாம் தங்களுக்குத் தெரியும் என்றுதான் அழைத்தார்கள். அவர்களுக்கு மீன்வாலும் கிடையாது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மண்ஜாடி ஒன்றில் பாய்மரத்தில் கட்டுண்ட ஒடிசியஸைச் சுற்றி வருபவை பெண்தலை கொண்ட பறவைகள். சைரனுக்கு மீன்வால் உண்டு என்று எழுதிய மிகப் பழைய நூல்களில் ஒன்று கி.பி. 7-8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, விந்தை உயிரினங்களைப் பற்றிய ஒரு லத்தீன் தொகுப்பு. அதன்பின் தேவாலயங்கள் அவளை எடுத்துக்கொண்டன. தென் இத்தாலியின் ஒத்ராந்தோ பேராலயத்தில் 1163 முதல் 1165 வரை பந்தலியோனே என்ற துறவி சிறுகற்களால் பதித்த தரை ஓவியத்தில் அவள் இரு வால்களையும் கைகளால் பிடித்தபடி இருக்கிறாள். இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் தேவாலயத் தூண்களின் தலைப்புகளிலும் இதே கோலம். வழிபட வருபவர்களை இச்சைக்கு எதிராக எச்சரிக்கவே அவளைச் செதுக்கினார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

இப்போது சியாட்டிலுக்குத் திரும்புவோம். 1987இல் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் நிறுவனத்தை வாங்கினார். பழுப்பு பச்சையாயிற்று, சைரனின் கூந்தல் நீண்டு மார்பை மறைத்தது, வரைகோடுகள் எளிமையாயின. 1992இல் படத்தை நெருக்கமாக்கித் தொப்புளை வெளியே தள்ளினார்கள். வால்கள் இரு விளிம்புகளிலும் துண்டுகளாக ஒதுங்கின. அவை வால்கள் என்று சொல்லித் தெரிந்தால்தான் தெரியும். சவுதி அரேபியாவில் கடை திறந்த தொடக்க ஆண்டுகளில் பெண்ணுருவமே இல்லாமல் அலைகளின்மேல் கிரீடம் மட்டும் மிதந்தது. 2011இல், நாற்பதாம் ஆண்டு நிறைவில், வட்டமும் நிறுவனத்தின் பெயரும் போய் அவள் மட்டும் நின்றாள். அந்தச் சீரமைப்பில் பணியாற்றிய லிப்பின்காட் வடிவமைப்பு நிறுவனம் ஒரு சிக்கலைச் சந்தித்தது: இடமும் வலமும் துல்லியமாக ஒத்திருந்த முகம் உயிரற்றுத் தோன்றியது. ஆகவே மூக்கின் ஒரு பக்க நிழலை மறுபக்கத்தைவிடச் சற்று நீட்டினார்கள். அடுத்தமுறை அந்தக் கோப்பை கைக்கு வரும்போது இதை யாரும் கண்ணால் சரிபார்க்கலாம்.

பறவையுடல், அழிக்கும் பாட்டு, அறிவின் ஆசை, இச்சை, எச்சரிக்கை, மார்பு, தொப்புள், வால். இவையெல்லாம் ஒவ்வொன்றாக மறைந்தோ தேய்ந்தோ போயின. மிஞ்சியது முடிசூடிய ஒரு பெண்ணின் அமைதியான முகம். ஈர்ப்பு இருக்கிறது, ஈர்ப்பின் விலை இல்லை. கப்பல் உடைந்த பாறைகள் எதுவும் படத்தில் இல்லை. வணிகத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொன்மச் சுருக்கம் இருக்க முடியாது. இதில் சதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடைமுறைக் காரணம் இருந்தது: வண்டியின் பக்கவாட்டில் பெரிதாக வரைய வேண்டும், குடும்பத்தோடு வருபவர்கள் முகம் சுளிக்கக் கூடாது, பெயரில்லாமலும் அடையாளம் தெரிய வேண்டும். அந்தக் காரணங்களை அடுக்கிப் பார்த்தால் தெரிவது எச்சரிக்கை அழைப்பாக மாறிய வரலாறு.

பின்னால் வந்த பொருள்கள்

எல்லாச் சின்னங்களிலும் தொன்மம் முதலில் வந்து பிறகு தேய்வதில்லை. சிலவற்றில் சின்னம் முதலில், தொன்மம் பிறகு.

நைக்கியின் வளைகோடு கிரேக்க வெற்றித் தேவதையின் சிறகு என்று எண்ணற்ற இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. 1971இல் போர்ட்லாண்ட் அரசுப் பல்கலைக்கழக மாணவி கரோலின் டேவிட்சனிடம் நிறுவனர்களில் ஒருவரான ஃபில் நைட் கேட்டது காலணியின் பக்கவாட்டில் போட ஒரு பட்டை; அசைவு தெரிய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கூலி 35 டாலர். படம் முடிவான பிறகே பெயர் தேட நெருக்கடி வந்தது என்பது நைட்டின் நினைவு நூலிலிருந்து தெரிகிறது. நைட் விரும்பியது 'டைமென்ஷன் சிக்ஸ்' என்ற பெயரை. ஜெஃப் ஜான்சன் என்ற ஊழியர் கனவில் கண்டதாகச் சொன்ன 'நைக்கி' கடைசி நேரத்தில் தேர்வாயிற்று. படத்தைப் பார்த்த சிலருக்கு முதல் நாளே சிறகு நினைவுக்கு வந்தது உண்மை. காற்று என்றும், ஓடியவர் விட்டுச்சென்ற சுவடு என்றும்கூடச் சொன்னார்கள். பெயர் வந்ததும் மற்ற வாசிப்புகள் உதிர்ந்தன, சிறகு நிலைத்தது. 1983இல் நிறுவனம் டேவிட்சனுக்குப் பங்குகளும் சின்னம் பதித்த மோதிரமும் அளித்தது.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் படிக்கட்டின் உச்சியில் சிறகு விரித்து நிற்கும் சாமோத்ரேஸ் நைக்கியை நினைத்தால் இந்தப் பொருத்தம் அழகானதுதான். ஆனால் ஏதென்ஸ் நகரத்தார் இதே தேவதையைப் பற்றி வேறு விதமாகவும் நினைத்தார்கள். அக்ரோபொலிஸ் குன்றில் அவளுக்குச் சிறகில்லாத சிலை வைத்து வழிபட்டார்கள். சிறகில்லாவிட்டால் வெற்றி தங்களைவிட்டுப் பறந்துபோகாது என்பது அவர்களின் எண்ணம் என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணி பௌசனியாஸ் எழுதிவைத்திருக்கிறார். வெற்றி நிலையற்றது, சிறகுதான் அந்த நிலையாமையின் அடையாளம் என்பது கிரேக்கர் அறிந்திருந்த உண்மை. போட்டி விளையாட்டை உலகெங்கும் விற்ற நிறுவனத்தின் சின்னத்தில் சிறகு இருக்கிறது. வெற்றித் தேவதையே பறந்துபோவாள் என்ற பாதி இல்லை.

ஆப்பிளின் கடித்த பழத்தை விரைவாகவே பார்த்துவிடலாம். ஏதேன் தோட்டத்து விலக்கப்பட்ட கனி, நியூட்டனின் ஆப்பிள், 1954இல் சயனைடால் இறந்த கணினி முன்னோடி ஆலன் டூரிங்கின் படுக்கையருகே கிடந்த பாதி தின்ற ஆப்பிள் என்று மூன்று கதைகள் அதன்மேல் ஏறியிருக்கின்றன. நியூட்டன் உண்மையில் இருந்தார்: 1976இல் ரொனால்டு வெய்ன் வரைந்த முதல் லோகோவில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஆண்டு ராப் ஜனாஃப் வரைந்த பழத்தில் கடி வந்ததற்கு அவர் சொன்ன காரணம் அளவு. சிறிதாக அச்சிட்டால் செர்ரிப்பழம்போலத் தெரியக் கூடாது. ஆதியாகமமும் அந்தக் கனியை ஆப்பிள் என்று எங்கும் சொல்லவில்லை. அது பிற்கால ஐரோப்பிய மரபு. ஆக, ஒரு தொன்மத்தின்மேல் பின்னால் வந்த ஒரு பழம், அந்தப் பழத்தின்மேல் பின்னால் வந்த ஒரு பொருள்.

இவற்றைப் பொய் என்று ஒதுக்கிவிடுவதும் சரியல்ல. கடித்த பழத்தைப் பார்த்ததும் ஏவாளை நினைக்கிற ஒரு பண்பாட்டில் அந்தப் படம் அந்த நினைவின் பலத்தில்தான் வாழ்கிறது. வரைந்தவர் எண்ணியது ஒரு வரலாற்று உண்மை. பார்ப்பவர் எண்ணுவது இன்னொரு வரலாற்று உண்மை. இரண்டையும் கலக்காமல் சொல்வது ஆய்வாளரின் கடமை.

மெய்யாகவே ஒளிந்திருக்கும் எழுத்துகள்

ஒளித்துவைத்தல் நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. ஜப்பானின் கிரின் பியர் புட்டியில் உள்ள விலங்கு சீனத் தொன்மத்திலிருந்து வந்தது. மானின் உடலும் டிராகன் முகமும் கொண்ட இந்த விலங்கு, அறவோன் ஒருவன் உலகுக்கு வரும்போது தோன்றும் என்பது நம்பிக்கை. கன்ஃபூசியஸின் பிறப்போடும் அதைச் சேர்த்துச் சொல்வார்கள். 1888இல் விற்பனைக்கு வந்த பியரில் தொடக்கத்திலிருந்தே இந்த விலங்கு இருக்கிறது. இன்றைய படத்தின் அடிப்படை அதற்கு அடுத்த ஆண்டு அமைந்தது. அதன் பிடரிமயிரையும் வாலையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் 'கி', 'ரி', 'ன்' என்ற மூன்று ஜப்பானிய எழுத்துகள் மயிர்ச்சுருள்களுக்குள் தெரியும். போலிச் சீட்டைக் கண்டுபிடிக்க வைத்த அடையாளம் என்றும், வரைந்தவரின் விளையாட்டு என்றும் இரண்டு விளக்கங்கள் உண்டு. ஆக, மெய்யாகவே ஒளிக்கப்பட்டது நிறுவனத்தின் சொந்தப் பெயர். வேறு எந்த இரகசியமும் அதில் இல்லை. அறவோனின் வருகை என்ற பழைய செய்தியோ, ஒளிக்கப்படாமலேயே, பியர் குடிப்பவரின் கவனத்திலிருந்து விலகிவிட்டது.

இந்திய வானில் ஒரு கிரேக்க வில்லாளி

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மான்செஸ்டர் துணிக்கட்டுகளோடு வண்ணச் சீட்டுகள் ஒட்டி வந்தன. கண்ணனும் இலட்சுமியும் அவற்றில் அச்சாகியிருந்தார்கள். எழுத்துப் படிக்காதவரும் படம் பார்த்துச் சரக்கைக் கேட்டு வாங்க வேண்டும். ஓஹையோ படகுத்துறையில் பெருக்கல் குறி செய்த வேலையை இங்கே தெய்வங்கள் செய்தன. யானை மார்க், மயில் மார்க் என்று நம் கடைத்தெருவில் இன்றும் புழங்கும் பேச்சு அந்தக் காலத்தின் தொடர்ச்சி.

தெய்வ உருவம் இங்கே வழிபாட்டில் இருக்கும் உருவம் என்பதால் சட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. சமய உணர்வைப் புண்படுத்தக்கூடியதை வணிகக் குறியாகப் பதிய 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம் தடை விதிக்கிறது. 'ராமாயண்' என்ற பெயரை ஊதுபத்திக்கான தனியுரிமைக் குறியாகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தனக்கே உரியதாக்கிக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. தொன்மம் பொதுச்சொத்து, வணிகக் குறி தனிச்சொத்து. இரண்டும் சந்திக்கும் இடத்தில் எழும் மெய்யான கேள்வியை அந்தத் தீர்ப்பு தொட்டது. ஒரு நிறுவனம் தான் வரைந்த கோடுகளுக்கு உரிமை கொண்டாடலாம். கதைக்கு உரிமை கொண்டாட முடியாது.

சில தொன்மங்கள் வெளியிலிருந்து வந்து இங்கே வேர் பிடித்தவை. 1948இல் பன்னாட்டுச் சேவையைத் தொடங்கிய ஏர் இந்தியாவின் சின்னம் பல ஆண்டுக்காலம் ஒரு சென்டார்: இடுப்புக்கு மேல் மனிதன், கீழே குதிரை, கையில் நாணேற்றிய வில். மும்பையிலும் டெல்லியிலும் விமானநிலையத்தை ஒட்டி அந்த நிறுவனக் குழுமம் நடத்திய விடுதிகளுக்கும் சென்டார் என்றே பெயர். கிரேக்கத் தொன்மத்தில் சென்டார்கள் பெரும்பாலும் குடித்துவிட்டுக் கலகம் செய்பவர்கள். திருமண விருந்தில் மணப்பெண்ணைக் கவர முயன்று அவர்கள் நடத்திய சண்டை பார்த்தினன் கோயிலின் கற்களில் செதுக்கப்பட்டிருக்கிறது. அறிவும் அமைதியும் கொண்ட சிரோன் அவர்களில் ஒரு விதிவிலக்கு. விமான நிறுவனம் வில்லையும் பாய்ச்சலையும் எடுத்துக்கொண்டது, கலகத்தை விட்டுவிட்டது.

இந்த வில்லாளி இந்தியாவுக்குப் புதியவனும் அல்ல. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் ஜாதகம் தனுசு ராசியை, வில்லேந்திய மனிதன், பின்பாதி குதிரை என்றே வருணிக்கிறது. கிரேக்கச் சோதிடத்தோடு வந்த உருவம் பஞ்சாங்கத்தில் குடியேறி, ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்து விமானத்தின் மேல் ஏறியது.

அதே வராகமிகிரர் மிதுன ராசியைக் கதையும் வீணையும் ஏந்திய ஆணும் பெண்ணுமாகக் காட்டுகிறார். நம் சோதிட மரபில் மிதுனம் என்றால் தம்பதி. ஆனால் 1940களில் சென்னையில் எஸ்.எஸ். வாசன் வளர்த்த ஜெமினி ஸ்டூடியோவின் சின்னத்தில் ஊதுகுழல் ஊதுபவர்கள் இரண்டு சிறுவர்கள். தம்பதியை விட்டுவிட்டு மேற்கத்திய இரட்டையரை ஜெமினி தேர்ந்தது. அந்த இரட்டையர் கிரேக்கத்தில் காஸ்டரும் பாலிடியூசஸும்: குதிரைவீரர்கள், புயலில் மாலுமிகளைக் காப்பவர்கள். ஒருவன் சாகக்கூடியவன், மற்றவன் சாவில்லாதவன். சகோதரன் மாண்டபோது தன் சாவின்மையைப் பாதி பகிர்ந்துகொண்டான் மற்றவன். சென்னைக்கு வந்தபோது குதிரையும் புயலும் மரணமும் போயின. குழந்தைமையும் ஊதுகுழலும் சேர்ந்தன. 'சந்திரலேகா' போன்ற ஒரு படம் தொடங்கப்போவதை ஊருக்கு அறிவிக்க அதுவே போதுமானதாக இருந்தது. வெட்டுவதோடு வேண்டியதைச் சேர்ப்பதும் வணிகத்தின் வழக்கம் என்பதற்கு நம் ஊரிலேயே உள்ள நல்ல சான்று இது.

எப்படி வாசிப்பது

ஒரு சின்னத்தில் தொன்மம் இருப்பதாகத் தோன்றும்போது மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்கலாம். எந்த ஆண்டில், யார், எதைப் பார்த்து வரைந்தார்கள்? இதற்கு விடை தெரியாமல் மேலே போகக் கூடாது. பிராக்டர் அண்ட் கேம்பிளின் நிலா மறைய நேர்ந்ததற்கு இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்ததே காரணம். அடுத்து, எந்தக் கதையின் எந்தத் துண்டு எடுக்கப்பட்டது, எது விடப்பட்டது? மூன்றாவதாக, இப்போது சொல்லப்படும் விளக்கம் எப்போது பிறந்தது, அதனால் யாருக்கு ஆதாயம்? பாம்பின் வாயிலிருந்து மனிதன் வெளியே வருகிறான் என்ற விளக்கமும், தாடியில் 666 இருக்கிறது என்ற விளக்கமும் ஒரே வகையானவை. இரண்டும் படம் வரையப்பட்ட பிறகு வந்தவை. இரண்டும் சொல்பவரின் தேவையிலிருந்து பிறந்தவை. ஒன்றை நிறுவனத்தின் பக்கம் நின்று சொல்கிறார்கள், மற்றதை எதிர்ப்பக்கம் நின்று சொல்கிறார்கள் என்பது மட்டுமே வேறுபாடு.

இந்த வாசிப்பு ஏன் வேண்டும் என்றால், நம் காலத்துக் குழந்தைகள் சைரனையும் நைக்கியையும் முதலில் சந்திப்பது காபிக் கோப்பையிலும் காலணியிலும்தான். ஹோமரிடம் போகும் முன்பே வணிகத்தின் சுருக்கப் பதிப்பு அவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது. அந்தப் பதிப்பில் ஈர்ப்பு உண்டு, அழிவு இல்லை. வெற்றி உண்டு, அதன் நிலையாமை இல்லை. வலிமை உண்டு, அதற்குப் பலியானவர் இல்லை. தொன்மங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைத்தது ஆசையையும் அதன் விளைவையும் ஒரே உருவத்தில் சேர்த்து வைத்திருந்ததால். விளைவை நீக்கிவிட்டு ஆசையை மட்டும் எடுத்துக்கொள்வது விளம்பரத்தின் இயல்பு; அதில் வியப்பில்லை. அந்த விளைவை மீண்டும் எடுத்துச் சொல்லும் பொறுப்பு ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் எழுதுகிறவர்களுக்கும் உரியது. பாய்மரத்தில் கட்டுண்ட ஒடிசியஸின் கதையைத் தெரிந்த குழந்தையும் அந்தக் காபிக்கடைக்குப் போகும். ஆனால் தன்னை அழைப்பது யார், அந்த அழைப்பின் பழைய விலை என்ன என்று அறிந்து போகும். அந்த அறிவை எந்த நிறுவனமும் பதிவு செய்து தனதாக்கிக்கொள்ள முடியாது.